இருவர் அட்டையைப் புதுப்பிப்பது சம்பந்தமாக, பிலோமி மதினிக்கு

என் வாய்க்குத் தோதான காதாக வாய்த்த மதினி,

ஊரார் முன்னால் உன்னை "வாங்க மதினி, போங்க மதினி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். தேவாரத்தில் பஸ் ஏறி, வண்டி போடி ரோட்டில் திரும்பியதும் அது "வா, போ" ஆகிவிடும். அண்ணன் பெண்டாட்டிக்குக் கொடுக்கிற மரியாதைக்கு ஒரு எல்லை வேண்டாமா, நான் வைத்த எல்லை அந்த வளைவு. இந்தக் கடிதத்தையும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிற உன்னிடம் பேசுகிற மாதிரிதான் எழுதுகிறேன். அதனால் "நீ"தான். மேலே இருந்துகொண்டு கோபப்பட்டால் பட்டுக்கொள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர், அதாவது என் அண்ணன் சவரிமுத்து, ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். நாங்கள் ரெண்டு பேரும் தினமும் ரசம்தான் சாப்பிடுகிறோம். புளி கூடிப்போன நாளில் அதற்குப் புளிக்குழம்பு என்று பெயர். தென்னந்தோப்புக்குப் போகிறார், வருகிறார், நாயோடு பேசுகிறார். அந்தக் கோம்பை நாய்க்கு முழு வாக்கியம் கிடைக்கிறது. எனக்கு "ம்", "சரி", "வை" என்று சில்லறையாகத்தான் விழுகிறது.

முன் வீட்டில் நான், பின் வீட்டில் அவர், நடுவில் உன் துவைக்கிற கல். பொழுது சாய்ந்த பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று உனக்கு எப்படிச் சொல்வது? ரெண்டு வீட்டிலும் டிவி ஓடும். ரெண்டையும் யாரும் பார்ப்பதில்லை.

நான் இன்னும் இன்சூரன்ஸ் ஏஜண்ட்தான். கல்யாணம் இன்னும் ஆகவில்லை, இனிமேலும் ஆபத்தில்லை. என் ஸ்கூட்டி தெருவுக்குள் நுழைந்தால் ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. உலகத்தில் எனக்குச் சரியாகப் பிடிபடுகிற ஒரே தாளம் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சங்கீத சபா செயலாளர் போன் செய்தார். அவருக்குத் தேனியில் மோட்டார் பம்பு கடை, சபாவும் அந்தக் கடையின் பின்னறையில் இருந்துதான் நடக்கிறது. இது உனக்குத் தெரியும். ஒட்டுக் கேட்கிறவர்களுக்குத் தெரியாதல்லவா, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

"அமலிம்மா, புது சீசனுக்குச் சந்தாவைப் புதுப்பிக்கணும். ஒங்களுது இருவர் அட்டை. ஒத்தை அட்டையா மாத்திக்கிட்டீகன்னா அந்த ஜோடி நாற்காலிய ஒரு டாக்டர் குடும்பத்துக்குக் குடுத்துருவேன். ஒங்களுக்குப் பின்னாடி ஒரு எடம் பாத்துத் தாரேன். அவசரம் இல்ல, மாசக் கடைசிக்குள்ள சொன்னாப் போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். என்னை யோசிக்கவைத்த முதல் மனிதர் அவர்தான். உன் நாற்காலியை விட்டால் என் நாற்காலியும் போகும். ரெண்டையும் வைத்துக்கொண்டால், உன் இடத்தில் யாரை உட்காரவைப்பது?

அந்த அட்டையை நாம் வாங்கின நாள் ஞாபகம் இருக்கிறதா? நம்ம ஊர்க் கோயில் பாடற்குழுவில் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஊரையே பாடவைத்தவள் நீ. அதே குழுவில், வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று உன்னிடம் உத்தரவு வாங்கினவள் நான். தேனி அல்லிநகரத்து மண்டபத்தில் மாதம் ஒரு கச்சேரி, வருடச் சந்தா கட்டினால் நம்பர் போட்ட நாற்காலி என்று எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். நான் எதற்கு என்று கேட்டேன். பஸ்ஸில் பேச்சுத்துணைக்கு என்றாய்.

இருவர் அட்டை என்றால் புருஷன் பெண்டாட்டி என்று சபாவுக்கு ஒரு நினைப்பு. செயலாளர் ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டே, வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு மாடு கத்துனாத்தான் சார் சங்கீதம்" என்றாய். "இது என் நாத்தனா. இவதான் எனக்கு ஜோடி. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். அந்த வருஷ விழாவில் இருவர் அட்டைக்காரர்களை மேடைக்குக் கூப்பிட்டு ஜோடிக்கு ஒரு வேட்டியும் சேலையும் கொடுத்தார்கள். சேலையை நீ பிடுங்கிக்கொண்டாய். நான் வேட்டியை வாங்கிக்கொண்டு கும்பிட்டேன். அன்றைக்கு விழுந்த கைதட்டல் எந்த வித்துவானுக்கும் அந்த மண்டபத்தில் விழுந்ததில்லை.

எனக்குத் தெரிந்த ராகம் ரெண்டு. தூக்கம் வருவது ஒன்று, பசி வருவது ஒன்று. ஆனாலும் ஒரு கச்சேரியையும் நான் விட்டதில்லை. ஏனென்றால் நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே என் பக்கம் சாய்வாய். "இப்ப என்ன பண்றாக?" என்பாய்.

நான் ஆரம்பிப்பேன். பாட்டுக்காரம்மா வயலின்காரரை முறைக்கிறாக. வயலின்காரர் கூரையைப் பார்க்கிறாரு. மிருதங்கக்காரரு தம்பூரா போடுற பிள்ளையிடம் மணி கேட்கிறாரு. "சேலை என்ன கலரு?" என்பாய். மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு, ரவிக்கை மட்டும் வேற எந்தக் கல்யாணத்துக்கோ தச்சது என்பேன். உன் தோள் குலுங்கும். முன் வரிசையில் தொடையில் ஓங்கி ஓங்கித் தாளம் போடுகிறவருக்கு நான் "உரல்" என்று பேர் வைத்த அன்றைக்கு, நீ சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாய். பக்கத்தில் இருந்த அம்மா நீ பக்தியில் அழுகிறாய் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

முதல் கச்சேரியில் நீ செய்த காரியத்தை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது? மங்களம் பாடி முடிந்தது. ராமனையும் முருகனையும் பாடின பாட்டுகள்தான் அவ்வளவும். உன் வலது கை தன்னால் எழுந்து நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு இறங்கி, ரெண்டு தோளுக்கும் போனது. கூடவே "ஆமென்" என்று சொல்லிவிட்டாய், பாடற்குழுவுக்கு அடியெடுத்துக் கொடுக்கிற அதே குரலில். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். பாடினவர் மேடையில் இருந்து குரல் வந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் செயலாளர் உன் ஆமெனுக்குக் காத்திருந்துதான் நன்றி சொல்ல மைக்கை எடுப்பார்.

தவக்காலத்தில் போனாய். நெஞ்சை என்னமோ பண்ணுகிறது என்று நீ சொன்னதற்கும், ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதற்கும் நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது. ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும், நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா என்று கேட்டு வயிற்றில் புளியைக் கரைக்கிறவள் நான். உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. உனக்கு ஆகும் என்று தோன்றியதே இல்லை.

அதற்கு அடுத்த கச்சேரிக்கு நான் தனியாகப் போனேன். உன் மகன் கோயம்புத்தூரில் இருந்து போன் பண்ணி, எல்லாக் கச்சேரியும் இப்ப செல்போன்லயே வருது அத்தை, எதுக்கு பஸ் ஏறி அலையறீங்க என்றான். நல்ல பிள்ளை. முன் வரிசையில் உரல் இல்லாத கச்சேரியை எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

என் நாற்காலியில் உட்கார்ந்து, உன் நாற்காலியில் என் கைப்பையை வைத்தேன். ஒருத்தர் வந்து, ஆள் வருதாம்மா என்று கேட்டார். வருது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அன்றைக்குப் பாட வந்தவர் தலைக்குச் சாயம் அடித்துவிட்டு மீசையை மறந்துவிட்டிருந்தார் மதினி. உனக்கென்றே வந்த மாதிரி இருந்தது. திரும்பி, "மீசையைப் பாத்தியா" என்று பாதி சொல்லிவிட்டேன். கைப்பை கேட்டுக்கொண்டது. பின்னால் இருந்த அம்மா, "என்னம்மா சொன்னீக?" என்றார்கள். ஒண்ணுமில்லை, இருமல் என்றேன்.

மங்களம் முடிந்தது. செயலாளர் மைக்கை எடுக்காமல் நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது போல. முகம் மாறி, சட்டென்று மைக்கை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண் போடி வரைக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். போடி ஏலக்காய் வாசனை வந்ததும் நீ எப்போதும் ஒரு தும்மல் போடுவாயே. அவள் தும்மவில்லை. எனக்கு அவள் மேல் ஏனோ கோபம் வந்தது.

இப்படியே சீசன் ஓடிவிட்டது. நானும் கைப்பையும். கடைசிக் கச்சேரிக்கு முந்தின நாள்தான் செயலாளர் போன் செய்தது. அண்ணனிடம் சொன்னேன். அவர் தோப்பில் இருந்து வந்து மட்டையைக் கீறிக்கொண்டிருந்தார். விட்டுரலாம்னு பாக்கிறேன் அண்ணே, ஒத்தையில போய்ட்டு ஒத்தையில வர்றதுக்கு எதுக்கு அந்த நாற்காலி என்றேன். அவர் கீறுவதை நிறுத்தவில்லை.

"நான் வாறேன்" என்றார்.

"எங்கன?"

"அவ போன எடத்துக்குத்தான்."

எனக்கு ஒரு கணம் உயிரே இல்லை. கச்சேரியைச் சொல்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

மறுநாள் குளித்து, நான் மேடையில் வாங்கின அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, என்னமோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வாசலில் நின்றார். பஸ்ஸில் தேனி வரைக்கும் பேசினது ஒரே வார்த்தை, அதுவும் கண்டக்டரிடம். மண்டபத்துக்குள் போனதும், இதுதான் நம்ம ரெண்டு நாற்காலி என்று காட்டினேன். முழங்கால் மடங்காது, காலை நீட்ட ஓரத்தில் இருந்தால்தான் தோது என்று என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு உன் நாற்காலிக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தேன்.

மேடை தெரியவில்லை மதினி.

எதிரே மாடியைத் தாங்குகிற தூண். நேராகப் பார்த்தால் தூண். இடது பக்கம் சாய்ந்தால் ஒரு தம்பூராவின் தலை. வலது பக்கம் சாய்ந்தால் பாடுகிறவரின் ஒரு முழங்கை, அதுவும் நல்ல இடங்களில் மட்டும். என் நாற்காலியில் இருந்து பார்த்தால் நடைபாதை வழியாக மேடை மொத்தமும் தட்டில் வைத்த மாதிரித் தெரியும். ஒரு அடி தள்ளி உட்கார்ந்தால் ஒன்றுமே கிடையாது.

நீ எப்போதும் முந்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவாய். "நீ போன் வந்தாலும் எந்திரிப்ப, பஜ்ஜி வாசம் வந்தாலும் எந்திரிப்ப, ஓரத்துல உக்காரு" என்பாய். நானும் சரி என்று நம்பினேன். அப்படியானால் நீ "இப்ப என்ன பண்றாக" என்று கேட்டது வம்புக்கு இல்லையா? சேலைக் கலரைக் கேட்டது உண்மையாகவே தெரியாமலா? தெரிந்திருந்தால் நான் ஒழுங்காகச் சொல்லியிருப்பேனே. உன்னைச் சிரிக்கவைக்கப் பாதிக்குப் பாதி கட்டிச் சொன்னேன். அந்தத் தில்லானா பாடின பெண்ணின் மூக்குத்தி கழன்று மிருதங்கத்தின் மேல் விழுந்தது என்று சொன்னேனே, அப்படி ஒன்று நடக்கவே இல்லை மதினி. நீ அதைக் கோயிலில் எல்லாரிடமும் சொன்னாய்.

பாட்டைக் கேட்கத் தெரிந்தவள் தூணுக்குப் பின்னால். சேலை பார்க்க வந்தவளுக்கு நல்ல இடம். இது என்ன கணக்கு?

அந்த நாற்காலியில் பாட்டு மட்டும்தான் வருகிறது. முறைப்பு இல்லை, மீசை இல்லை. அன்றைக்குப் பாடினவரின் குரல் ஒரு இடத்தில் மேலே ஏறாமல் அங்கேயே நின்று சுற்றிச் சுற்றி வந்தது. தெரிந்தவர் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. அதற்கு என்ன பேர்? நீ சொல்லியிருப்பாய். நான் பக்கத்தில் இருந்த அண்ணனிடம் சாய்ந்தேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"அண்ணே, இப்ப என்ன பண்றாக?"

"பாடுறாக."

"அது எனக்கும் கேக்குது. வேற?"

ரொம்ப நேரம் பார்த்தார். "தண்ணி குடிக்கிறாரு."

"யாரு?"

"மத்தளம் அடிக்கிறவரு."

அவ்வளவுதான். உன் புருஷனிடம் இருந்து ஒரு வம்பு தேறாது. சேலைக் கலரைக் கேட்டேன். சேலைக் கலர்தான் என்றார். நான் விட்டுவிட்டேன். தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே என் பக்கம் சாய்ந்தார்.

"அமலி. அந்தம்மா பாடும்போது எடது கை நூல் சுத்துற மாதிரி சுத்துது. வயலினுத் தம்பி அதத் தாடையில வைக்கல, காலுல ஊனி நெஞ்சுல சாச்சிருக்காரு. கண்ண மூடிக்கிட்டாரு இப்ப." ஒரு வாரத்து வார்த்தைகள். மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார், "நீ ஏன் என்னையக் கேக்குற? ஒனக்குத் தெரியலயா?"

தூணைக் காட்டினேன்.

அவர் என் பக்கம் குனிந்து, என் தலை இருக்கிற இடத்தில் இருந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார். "இங்கனயா அவ உக்காருவா?"

"ஆமா."

"மறைக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னாளா?"

"சொல்லலண்ணே."

"சொல்ல மாட்டா" என்றார். "நெஞ்சு வலியவும் அப்படித்தான் வச்சிருந்தா. எத்தன நாளா வச்சிருந்தாளோ."

  மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்திருந்தது. அவர் முகத்தை வேட்டி நுனியால் துடைத்தார், வியர்வையைத் துடைக்கிற மாதிரி. மேலே ஃபேன் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

மாசக் கடைசிக்கு முன்னால் நானே தேனிக்குப் போனேன். பம்பு கடையில் கூட்டம் இல்லை. செயலாளர் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். தூணைப் பற்றிக் கேட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. நாம் சேரும்போது ஜோடியாக மிச்சம் இருந்தது அந்த ரெண்டுதான், அதில் ஒன்று மறைக்கும் என்று அப்போதே உன்னிடம் சொன்னதாகச் சொன்னார். நான் அந்த நேரம் வாசலில் நின்று போனில் யாருக்கோ பாலிசி விற்றுக்கொண்டிருந்தேனாம்.

"அப்புறமும் ரெண்டு மூணு வாட்டி சொன்னேம்மா" என்றார். "முன்னாடி நல்ல எடமா ஒண்ணு காலியாகும். ஜோடியாக் காலியாகாது. ஒங்க ஞானத்துக்கு நீங்க அங்கன இருக்கணும், வாங்கன்னு கூப்பிட்டேன். ஒத்தையா வேணாம்னுட்டாக."

டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் என்னால் ஒரு கிண்டலும் பேச முடியவில்லை. அப்படி ஒரு அமைதியை என்னிடம் பார்த்து அவரே பயந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பிறகு, இந்த வருஷம் மூன்றாவது வரிசையில் ஒரு ஒத்தை நாற்காலி இருக்கிறது, தூண் கிடையாது, உங்களுக்கே தருகிறேன் என்றார். வேண்டாம் சார் என்றேன். அந்த ரெண்டும் அப்படியே இருக்கட்டும். இருவர் அட்டைதான். ரெண்டாவது பேர் என்ன போட என்றார். சவரிமுத்து என்று சொன்னேன். எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தாமல், "வருவாரா?" என்று மட்டும் கேட்டார். வருவார் என்றேன். இந்தத் தடவை பொய் இல்லை.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கோபமா? ஓரத்து நாற்காலி இனிமேல் அண்ணனுக்கு, காலை நீட்டிக்கொள்ளட்டும். தூணுக்குப் பின்னால் நான். மாதாமாதம் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவர் பார்த்ததைச் சொல்லட்டும். ஒரு வார்த்தை வந்தாலும் சரி, ஒரு வாரத்து வார்த்தை வந்தாலும் சரி. அவருக்குச் சிரிக்கவைக்கத் தெரியாது. உன்னைப் போல எனக்கு அடங்கிக் கேட்கத் தெரியாது. ரெண்டு பேரும் கத்துக்குட்டிகள். பாட்டு நடக்கிற நேரம் முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் உன்னைத்தான் தேடிக்கொண்டிருப்போம், ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ள மாட்டோம். அது மட்டும் நிச்சயம்.

ஒரு வாக்குத் தருகிறேன். எனக்குக் கால் நடக்கிற வரைக்கும் உன் புருஷனை அந்த மண்டபத்தில் ஒத்தையாக உட்காரவிட மாட்டேன். அதற்காக நான் ஒத்தையாக இல்லை என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

உன் நாத்தனார்,
அமலி